மென்மை என்று சொன்னது யார்?

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க அழகு நிலையங்களில் ‘லாஷ் லூர்’ என்றொரு சாயத்தைப் பெண்களின் இமைமுடிக்கும் புருவத்துக்கும் பூசினார்கள். மை போல நாளும் தீட்ட வேண்டியதில்லை என்பதே அதன் கவர்ச்சி. அதில் இருந்தது பாராஃபீனிலீன்டயமின் என்ற தார்ச் சாயப்பொருள். பூசிக்கொண்ட பெண்களில் சிலருக்கு இமைகள் வீங்கிப் புண்ணாயின. சிலர் பார்வையை இழந்தார்கள். ஒருவர் இறந்தே போனார்.

அப்போதும் அரசால் அந்தக் குப்பியைக் கடையிலிருந்து எடுக்க முடியவில்லை. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே பார்த்தது. பெண்கள் முகத்தில் பூசுவது சட்டம் கவனிக்கத் தக்க விஷயமாக இல்லை. உணவு மருந்து நிர்வாகம் தன்னால் முடிந்ததைச் செய்தது: பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தை, பூசுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களாகக் காட்சிக்கு வைத்தது. அங்கே பணியாற்றிய ரூத் டிஃபாரஸ்ட் லாம்ப் 1936-இல் இந்தக் கொடுமைகளைப் புத்தகமாக எழுதினார். பெண்கள் அமைப்புகள் புதிய சட்டம் கேட்டுத் தொடர்ந்து போராடின. 1937-இல் நச்சுக் கரைப்பான் கலந்த ஒரு மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 1938-இல் வந்த சட்டம் முதன்முறையாக அழகுசாதனங்களையும் கட்டுப்படுத்தியது. அதன்கீழ் முதலில் பறிமுதலானது லாஷ் லூர்.

இது வெற்றிதான். ஆனால் அதே சட்டம் ஒரு சன்னலைத் திறந்தும் வைத்தது. தார்ச் சாயம் கலந்த தலைச்சாயங்களுக்கு விலக்கு அளித்தது. ‘சிலருக்கு எரிச்சல் தரலாம், முதலில் சோதித்துப் பாருங்கள், இமைக்கும் புருவத்துக்கும் பூசாதீர்கள்’ என்று பெட்டியில் அச்சிட்டால் போதும். ஆபத்தை நீக்கும் கடமை தயாரிப்பவரிடமிருந்து நழுவி, சோதித்துப் பார்க்கும் கடமையாகப் பெண்ணின் தோளில் ஏறியது. இன்று நம் ஊரில் விற்கும் தலைச்சாயப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே வாசகம் பொடி எழுத்தில் இருக்கும். பலவற்றில் அதே வேதிப்பொருளும் இருக்கும். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பவற்றிலும் அதைக் கலப்பதுண்டு.

அடுத்த கதை ஒரு சொல்லைப் பற்றியது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’, அதாவது ஒவ்வாமை குறைவாகத் தருவது. 1975-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: மற்றவற்றைவிடக் குறைந்த பாதிப்பையே தருகிறது என்று மனிதர்களிடம் சோதித்து நிரூபித்தால்தான் அந்தச் சொல்லை அச்சிடலாம். ஆல்மே, கிளினிக் என்ற இரு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. வாங்குபவர்கள் அந்தச் சொல்லை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு நிர்வாகம் போதிய ஆதாரம் காட்டவில்லை என்பது காரணம். நம்பி வாங்கிய பெண்களின் நம்பிக்கைக்கே சான்று கேட்டார்கள். சொல்லை விற்றவரிடம் கேட்கவில்லை. இன்றுவரை அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் ‘சென்சிடிவ் ஸ்கின்’ என்ற பெயரை வேறு விதமாகக் கேட்கத் தொடங்குவோம். க்ரீம் எரிந்தால் குறை க்ரீமில் இல்லை, உன் சருமத்தில்தான் என்கிறது அந்தப் பெயர். பிறகு அதற்கென்றே இன்னும் நான்கு குப்பிகளை விற்கிறது. ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலரது நெற்றியில் வெள்ளைத் தடம் விட்டபோதும், ‘உனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை’ என்றுதானே நம் வீடுகளில் சொன்னார்கள்?

எளிதில் எரியும் சருமத்துக்குத் தேவை மிகக் குறைவு. கடுமையில்லாத ஒரு கழுவி, வாசனை சேர்க்காத ஓர் ஈரப்பூச்சு, பகலில் சன்ஸ்க்ரீன். முன்பக்கத்து வாக்குறுதியை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். ‘ஃப்ரேக்ரன்ஸ்’, ‘பர்ஃப்யூம்’ என்று இருந்தால் வைத்துவிடலாம். ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள்கள் முக்கியக் காரணம். ‘இயற்கை’ என்பதும் உத்தரவாதமல்ல; எலுமிச்சைச் சாறும் தோலைப் புண்ணாக்கும். புதிதாக வாங்கிய க்ரீமை ஒரு வாரம் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் புதிது. முன்பே தலைச்சாயத்தால் வீங்கியவர்கள் வீட்டில் சோதிக்க வேண்டாம், தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவையும் நாம் செய்வது நம் தோலைக் காத்துக்கொள்ள. தயாரிப்பவரின் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடாது. அரிப்போ வீக்கமோ வந்தால் குப்பியைக் குப்பையில் போடாதீர்கள். பெட்டியையும் பேட்ச் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள், தோலைப் படம் எடுங்கள், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். 1938-இல் சட்டத்தைக் கொண்டுவர உதவியவற்றுள் ஒரு பெண்ணின் முகப் படமும் உண்டு.