காத்த ஊரும் மீண்ட கோயிலும்

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்றனர் நம் முன்னோர். இறைவன் இல்லாத கோயிலைப் பற்றி அவர்கள் ஏதும் சொல்லிச் செல்லவில்லை. வேலூர்க் கோட்டைக்குள் அத்தகைய கோயிலொன்று மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நின்றது. அதன் மூலவரோ கோட்டைக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள சத்துவாச்சாரியில் இருந்தார். 1981இல் அவர் திரும்பியபோது கோயிலுடன் கோட்டையும் உயிர் பெற்றது. எனினும் அதனால் வந்த பெருமை கோட்டைக்குச் சென்றதேயன்றி, காத்து நின்ற ஊருக்குச் செல்லவில்லை.

கோட்டையின் பொற்காலம்

வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின்கீழ் எழுந்தது. அகழி சூழ்ந்த அதன் பரப்பு ஏறத்தாழ 133 ஏக்கர். சதாசிவராயருக்கு அடங்கிய சின்னபொம்ம நாயக்கர் இங்கிருந்து ஆட்சி புரிந்தார். சலகண்டேசுவரர் திருக்கோயிலும் அக்காலத்ததே. யாளிகளும் குதிரை வீரர்களும் பாய்ந்தெழும் தூண்களைக் கொண்ட அதன் கல்யாண மண்டபம், விசயநகரச் சிற்பக் கலையின் உச்சங்களுள் ஒன்று எனலாம்.

கல்லில் மட்டுமன்றிக் கல்வியிலும் கோட்டை சிறந்திருந்தது. சைவப் பேரறிஞர் அப்பய்ய தீட்சிதரைச் சின்னபொம்மர் ஆதரித்தார். அவர் ‘சிவார்க்கமணி தீபிகை’ என்னும் உரையை இயற்றியபோது பொன்னால் நீராட்டிப் போற்றினார். இச்செய்தியைத் தீட்சிதரின் ஊராகிய அடையபலத்துக் கல்வெட்டு, 1582ஆம் ஆண்டினது, கூறுகிறது. போர்வீரரும் புலவரும் அடியவரும் ஒருங்கே வாழ்ந்த பதியாக வேலூர்க் கோட்டை அன்று விளங்கியது.

மூலவர் பெயர்ந்த காலம்

இந்நிலை நீடிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கோட்டை பீசப்பூர் சுல்தான்களின் கைக்குச் சென்றது. 1678இல் மராத்தியரும், 1708இல் தாவூத்கானின் முகலாயப் படையும், 1760இல் ஆங்கிலேயரும் அதனைக் கைக்கொண்டனர். கோட்டை கைமாறிய இக்குழப்பக் காலத்தில் இலிங்கத்திருமேனி வெளியே கொண்டு செல்லப்பட்டுச் சத்துவாச்சாரியில் ஒரு பிள்ளையார் கோயிலில் வைத்துக் காக்கப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. கோயில் நானூறு ஆண்டுகள் வெறுமையாய் இருந்தது என்பது மக்கள் வழக்கு. ஆட்சி மாறிய காலத்தைக் கொண்டு கணக்கிடின் அது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். எவ்வாறாயினும் பத்துத் தலைமுறைக்கு மேற்பட்ட காவல் அது. அரசாணையும் மானியமும் இன்றி, இது தமக்குரிய கடமை என்ற உணர்வு ஒன்றினாலேயே அவ்வூரார் அதனைச் செய்தனர்.

அதே காலத்தில் கோயிலின் நிலை வேறாயிருந்தது. ஆங்கிலேயர் அதனைப் படைக்கலக் கொட்டிலாகப் பயன்படுத்தினர். கல்யாண மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பத் திட்டமிட்டனர் என்றும், அதற்கென வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்றும் கூறுவர். பின்னர்த் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் கற்கள் பழுதின்றி நின்றன. ஆனால், துறையின் பொறுப்புக்கு வந்தபோது வழிபாடு நிகழாத இடத்தில் புதிதாக வழிபாடு தொடங்கலாகாது என்பது விதி. ஆதலின் கோயில் காட்சிப் பொருளாகவே இருந்தது.

1981 மார்ச்சு 16

மயிலை குருஜி சுந்தரராம் சுவாமிகள் முயற்சி மேற்கொண்டார். அப்போதைய மாவட்ட ஆட்சியர் கங்கப்பா துணை நின்றார். 1981ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள், மூடிய லாரி ஒன்றில், சத்துவாச்சாரியிலிருந்து இலிங்கத்திருமேனி கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு நிறுவப்பட்டது. உரியவர் சிலரையன்றி வேறெவரும் அதனை முன்னறியார். போகும்போது மறைவாய்ப் போன திருமேனி, மீளும்போதும் மறைவாகவே மீண்டது. சட்டத்தின் கண்ணில் அது மீறல். மக்களின் கண்ணில் அது வீடு திரும்புதல். இரண்டும் உண்மையே. கல்லைக் காத்தது துறை. இலிங்கத்தைக் காத்தது ஊர். இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும் இன்று அங்கே விளக்கெரியாது.

பிற நகரங்கள் தரும் பாடம்

கட்டடத்தைக் காப்பது எளிது, அதற்குரியவரைக் காப்பது அரிது என்பதைத் தமிழர் குடியேறிய நகரங்களிலும் காணலாம். சிங்கப்பூர் அரசு 1989இல் சிராங்கூன் சாலைப் பகுதியைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் இணைந்து, 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயின் அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், அங்கிருந்த பழைய கடைவீடுகளில் தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. சுவர்கள் எஞ்சின, குடிகள் எஞ்சவில்லை. வேலூரில் வெளியேறியவர் மீண்டும் வந்ததற்குக் காரணம், அவரைப் பேண அருகில் ஓர் ஊர் இருந்தமையே.

முற்றுப்பெறாத பணி

வேலூரின் மறுமலர்ச்சியும் முழுமை எய்திவிடவில்லை. கோட்டைக்குள் கோயிலோடு 1846இல் எழுந்த தூய யோவான் தேவாலயமும் ஒரு பள்ளிவாசலும் உள்ளன. கோயிலில் பூசையும் தேவாலயத்தில் ஆராதனையும் நிகழ, பள்ளிவாசலில் தொழுகை நிகழவில்லை. முன்னோர் இடத்தில் வழிபட வேண்டும் என்னும் ஏக்கம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று.

2016இல் வேலூர் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அகழி தூர்வாரப்பட்டது. ஆயினும் 2021 நவம்பர்ப் பெருமழையில் அகழி நீர் கோயிலுக்குள் புகுந்து தேங்கியது. மிகுநீரைப் பாலாற்றுக்குக் கொண்டு சென்ற பழங்கால்வாய் அடைபட்டிருந்தது. அகழியை நினைந்தவர் கால்வாயை மறந்தனர்.

சத்துவாச்சாரியும் அவ்வாறு மறக்கப்பட்ட கால்வாய் போன்றதே. இன்று அங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் உள்ளன. ஊர் வேலூர் மாநகராட்சியுள் அடங்கிவிட்டது. இலிங்கம் தம் ஊரில் இருந்த நாளைக் கண்டோர் முதியோராயினர். அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதி வைத்தல் இலக்கிய அன்பர்களின் கடமையாகும். காக்கப்பட்ட பொருளுக்குக் கோபுரம் உண்டு. காத்தவர்க்கு இருப்பது அந்த ஏடு ஒன்றே.