கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும்: டி.எச்.இ.ஏ. சிகிச்சை குறித்த ஒரு விசாரணை

ரத்தப் பரிசோதனைத் தாளில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு ஒன்றுக்குக் கீழே இறங்கியதும், 25 மில்லிகிராம் டி.எச்.இ.ஏ. ஹார்மோன் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று மாதம் உட்கொள்ளும்படி எழுதித் தருவது, அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் முதலிய சென்னைப் புறநகர்ப் பெண்கள் நாடிச் செல்லும் கருத்தரிப்பு மையங்களிலும் இன்று பரிச்சயமான சிகிச்சையாகிவிட்டது. “முட்டை தரம் கூடுறதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க” என்று அப்பெண்கள் வீட்டில் சொல்லும்போது, வைத்திய சாஸ்திரம் இன்னும் ருசுப்படுத்தாத ஒரு வாக்குறுதியை நிச்சயமென்று நம்பியே சொல்கிறார்கள். அந்த மாத்திரை பயன்படுமாயின் அது முட்டைகளின் வளர்ச்சியையும் எண்ணிக்கையையும் பொறுத்தே பயன்படக்கூடும் என்பதும், தரத்தை அது உயர்த்துமென்பதற்குத் தக்க பிரமாணம் இல்லை என்பதும் என் வாதம்.

பெண் சிசு பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பருவமெய்தும்போது எஞ்சுபவை 3, 4 லட்சம். அவற்றுள்ளும் ஆயுள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை சுமார் 400 முதல் 500 வரையே. இவை அனைத்தும் தாயின் கர்ப்பத்திலேயே பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, தத்தம் முறை வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவையாதலால், குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதக் கட்டு காலப்போக்கில் தளர்ந்து, பிரிய வேண்டிய வேளையில் அவை பிசகிப் பிரிகின்றன. வயது ஏறிய பெண்களிடம் கரு தங்காமையும் கருச்சிதைவும் மிகுவதற்கு இதுவே தலையாய காரணம். ஏ.எம்.எச். என்பதோ, வளரத் தொடங்கிய சிறு நுண்பைகள் சுரக்கும் பொருள். எத்தனை பைகள் உள்ளன என்று அது சொல்லுமேயன்றி, உள்ளிருக்கும் முட்டை எத்தன்மையது என்று சொல்லாது. பாவிலுள்ள இழைகளின் எண்ணிக்கை வேறு, ஒவ்வோர் இழையின் உறுதி வேறு என்பது அனகாபுத்தூர் நெசவாளர் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். அமெரிக்காவில், மலட்டுத்தன்மை கண்டறியப்படாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 750 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வில், ஏ.எம்.எச். குறைந்தவர்கள் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பில் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். 30 வயதுப் பெண்ணுக்கு அளவு 0.6 என்று வந்தால் முட்டைகள் குறைவு என்பது மெய். ஆயினும் அவை 30 வயது முட்டைகளே.

ஹார்மோன் கொடுப்பதற்குப் பின்னுள்ள யுக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அட்ரினல் சுரப்பியிலிருந்து பெருமளவும் உண்டாகும் டி.எச்.இ.ஏ., சினைப்பையில் ஆண்மை ஹார்மோன்களாக மாறி, நுண்பைச் சுவரின் செல்கள் நுண்பையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் தூண்டலுக்கு நன்கு செவிசாய்க்கும்படி செய்கிறது. நுண்பை அதன் கடைசிக் கட்ட வளர்ச்சிக்கு ஏறக்குறைய 85 நாள் எடுத்துக்கொள்வதால்தான் மூன்று மாதக் கணக்கு. 2000-இல் ஐந்தே பெண்களிடம் செய்த சிறு ஆய்வில் இச்சிகிச்சை தொடங்கியது. பின்னர், நியூயார்க்கில் 43-ஐ நெருங்கிய பெண்ணொருத்தி தானாகவே இம்மருந்தை உட்கொண்டு, சுழற்சிக்குச் சுழற்சி கூடுதல் முட்டைகள் தந்த வரலாற்றை கிளைச்சர், பராட் ஆகிய மருத்துவர்கள் 2005-இல் பதிப்பித்தபோது அது உலகெங்கும் பரவிற்று. 2010-இல் இஸ்ரேலில் 33 பெண்களிடம் நடந்த பரீட்சையும் சாதகமாகவே பேசிற்று. அவ்வளவு சிறிய கூட்டத்தில் இரண்டொரு பிரசவம் இடம் மாறினாலே முடிவு மாறிவிடும். சீனாவில் 821 பெண்களை உட்படுத்தி 2022-இல் வெளியான பெரும் பரீட்சையில், மருந்து உண்டோரில் குழந்தை பெற்றவர் நூற்றுக்கு 8.8, உண்ணாதோரில் 9.0. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழுவினர் 2015-இல் செய்த தொகுப்பிலும், பாரபட்சத்துக்கு இடமுள்ள ஆய்வுகளை நீக்கியவுடன் டி.எச்.இ.ஏ.-வின் அனுகூலம் மறைந்துபோயிற்று.

பயனில்லாவிட்டாலும் பாதகமில்லையே என்பார் உளர். முகப்பருவும் தேவையற்ற ரோமமும் மட்டுமே அதன் விலையாயின் பொறுத்துக்கொள்ளலாம். 39 வயதில் மூன்று மாதம் என்பது வேறு விலை. சீட்டில் எழுதப்படும் அந்தக் காத்திருப்பு, மாத்திரையின் விலையைவிடப் பன்மடங்கு கனமானது. ஏனெனில் தரம் என்பது வயதையே சார்ந்து நிற்கும் பொருள். எண்ணிக்கையைப் பொறுத்தவரையிலும், ஸ்பெயினையும் இந்தியாவையும் ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இந்தியப் பெண்களின் கருமுட்டை இருப்பு ஏறத்தாழ ஆறு வயது மூத்த ஸ்பானியப் பெண்களின் இருப்புக்குச் சமமாயிருந்தது என்ற செய்தியை வைத்துப் பார்க்கையில், நம் பெண்களுக்குத் தாமதத்தின் கணக்கு இன்னும் கடுமையாக இருக்கக்கூடும். சிகிச்சைக்குக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லாமல் விடுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்பு மையம் 2024-இல் தொடங்கப்பட்டது. தனியார் மையங்கள் செய்ய முன்வராத ஒன்றைச் செய்ய அதற்கு இடமுண்டு: முட்டைகள் எத்தனை கிடைத்தன என்பதை விட்டு, உயிரோடு பிறந்த குழந்தையையே அளவுகோலாக வைத்து, வயதுவாரியாகப் பிரித்த நம் பெண்களிடையே மருந்துக்கும் மருந்தில்லா மாத்திரைக்கும் இடையே பரீட்சை நடத்தி, அதன் முடிவு எதுவாயினும் தமிழிலும் வெளியிடுவது. அதுவரையில், இம்மருந்தை எழுதும் மருத்துவர், தரம் கூடும் என்ற சொல்லை விடுத்து, சில முட்டைகள் கூடலாம், கூடாமலும் போகலாம் என்று சீட்டிலேயே எழுதித் தருவதுதான் முறை.