கொள்ளம்பூதூர் ஓடத்துறை

சோழநாட்டுத் திருத்தலங்களின் பெயர்களை எண்ணிப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். திருவாவடுதுறை, மயிலாடுதுறை, திருமாந்துறை, திருப்பராய்த்துறை எனத் துறையாற் பெயர் பெற்றவை பல. நீராடும் இடமும் துறை. ஆற்றைக் கடக்கும் இடமும் துறையே. அடியார்க்குக் கோயில்வழி அத்துறையிலேயே தொடங்கிற்று என்பதை, பாலத்தின்மேல் மோட்டாரில் நொடியிற் கடந்து செல்வோர் நினைப்பதற்கு இடமில்லை.

கல்லணையிற் பிரியும் வெண்ணாறும் அதன் கிளைகளும் ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடும் நாடு அது. கோடையில் ஆற்று மணலில் நடந்தே அக்கரை சேரலாம். நீர் ஓடத் தொடங்கினால், இரண்டு தென்னைமரங்களைக் குறுக்கே கிடத்தி, மூங்கிலாற் கைப்பிடி கட்டிய நடைபாலம் போதும். தலைச்சுமையோடு வருபவர் ஒருவர் பின் ஒருவராகக் கடப்பர். வெள்ளம் பெருகினால் முதலிற் போவது அப்பாலமே. பின்பு ஓடமன்றி வேறு கதியில்லை. 1934-இல் மேட்டூர் அணை முற்றுப்பெற்ற பின்னர் ஆடிப்பெருக்கு ஒருவாறு அடங்கிற்று. ஐப்பசி மழையோ அணைக்குக் கீழே, வயலிலும் வாய்க்காலிலும் நேரே பெய்வது. அதனை மேட்டூர் தடுப்பது எங்ஙனம்?

அத்தகைய வெள்ளத்தின் முன்னேதான் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் வந்து நின்றார். முள்ளியாறு என்று முன்னோர் வழங்கியதும், இன்று வெட்டாறு எனப்படுவதும் ஆகிய அவ்வாற்றின் அக்கரையில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில் உள்ளது. கூவிளம் என்பது வில்வம். கூவிளம்புதூரே கொள்ளம்பூதூர் ஆயிற்று என்பர். சுவாமி வில்வாரண்யேசுவரர், அம்மை சௌந்தரநாயகி. கோயில் கண்ணுக்கெதிரே இருந்தும் செல்ல வழியில்லை. ஓடக்காரர் ஓடங்களைக் கரையிற் கட்டிவிட்டு நீங்கியிருந்தனர். பிள்ளையார் அடியார்களோடு ஓடத்தில் ஏறித் திருப்பதிகம் பாடியருளினார். கோல் பிடிக்க ஆளில்லாத ஓடத்தை அவருடைய நாவே செலுத்திற்று என்னும் கருத்துப்படச் சேக்கிழார் பாடுகின்றார். ஓடம் அக்கரை சேர்ந்தது. அப்பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது.

ஓடக்காரர் நீங்கியதைக் குறையாகக் கொள்ளுதல் தகாது. அன்றாடம் ஆற்றோடு பழகியவர் அவர். இன்ன நீரில் ஓடம் நில்லாது என்று அறிந்தே நீங்கினர். அவர்கள் அஞ்சிய அளவே வெள்ளத்தின் அளவு. வெள்ளத்தின் அளவே அருளின் அளவு. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடிய சேக்கிழார் இதனை விடாது குறித்தமை, அக்காலத்து ஆற்று வழிகளை ஆராய்வோர்க்கும் பெருந்துணையாகின்றது.

இத்தலம் ஐந்து ஆரணியத் தலங்களுள் கடையது. வைகறையில் திருக்கருகாவூர், காலையில் அவளிவணல்லூர், உச்சியில் அரித்துவாரமங்கலம், மாலையில் ஆலங்குடி, அர்த்தசாமத்தில் கொள்ளம்பூதூர் என ஒரே நாளில் வழிபடுதல் மரபு. முதல் தலமும் கடைத்தலமும் வெட்டாற்றின் கரையிலேயே உள்ளன. பாலங்கள் இல்லாத நாளில், பகலெல்லாம் நடந்து களைத்தவர் வழியிலுள்ள ஆறுகளையும் கடந்து, இரவில் இத்தலம் வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். அர்த்தசாம தீபம் அவர்க்கு எவ்வளவு இனிதாய் இருந்திருக்கும்!

திருவையாற்றிலும் இதனையொத்த நிகழ்ச்சியுண்டு. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கரையில் நிற்கக் காவிரி விலகி வழிவிட்டது. ஆங்கு ஆறே விலகிற்று. ஈங்கு ஆறு ஆறாகவே ஓட, ஓடம் சென்றது.

பிற்காலத்தில் ஆங்கில அரசினர் 1890-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் சென்னை மாகாணத்துப் பொதுத் துறைகளுக்கு விதிகளும் கட்டணமும் வகுத்தது. ஆறுகள் பிரியும் தலைப்புகளில் மதகுகள் எழுந்தபோது, அவற்றின் மேல்தளமே பல சிற்றூர்க்கு நடைபாலம் ஆயிற்று. பின்னர்க் கற்பாலங்களும் சிமிட்டிப் பாலங்களும் வந்தன. துறைகள் பல பெயரளவில் நின்றன; ஓடக்காரர் வேறு தொழில் நாடினர்.

கொள்ளம்பூதூரில் மட்டும் ஓடம் ஒழியவில்லை. ஐப்பசித் திங்களில், அமாவாசையை ஒட்டி, ஓடத்திருவிழா நிகழ்கின்றது. சம்பந்தர் திருவுருவை ஓடத்தில் எழுந்தருளச் செய்து, ஓதுவார் அப்பதிகத்தையே ஓத, ஆற்றைக் கடத்துகின்றனர். பருவமழை பெய்து, வெட்டாறு கலங்கி, கரையளவும் ஓடும் காலம் அது.