தண்ணீர் குடிக்கும் ‘ஆயில்’

நம்மூர் ஒர்க்‌ஷாப்புகளில் அதற்குப் பெயர் பிரேக் ஆயில். மெக்கானிக் அப்படித்தான் சொல்வார், ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். ஆனால் அது ஆயில் கிடையாது. அந்தப் பெயரை நம்பி, அவசரத்துக்கு ஒரு பழைய பிக்கப் வண்டியின் பிரேக் டப்பாவில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊறி உப்பிவிடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் இருக்கும் இடத்தையெல்லாம் பிரிக்க வேண்டியதுதான்.

எண்ணெய் ஏன் ஆகாது? உள்ளே இருப்பது என்ன? பார்க்கத் தெளிவாக, அளவு குறையாமல் இருக்கும் ஒன்றை ஏன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் ஒரு நூறு வருஷக் கதையில் இருக்கிறது.

1925இல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காரின் பின்னால் ஒரு திறந்த பெட்டியை வைத்து விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வந்த ஆரம்பகால வண்டிகளில் அது முக்கியமானது. அதன் பிரேக் மிதி சக்கரத்தோடு நேரடியாகப் பேசாது. கியர் பெட்டிக்குள் சுழலும் ஒரு உருளையை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மற்ற கம்பெனிகளின் கார்களில் கம்பியும் கேபிளும் சக்கரம் வரை போயின. அதில் ஒரு தீராத தலைவலி இருந்தது. நான்கு கம்பிகளும் ஒரே அளவில் இழுபட வேண்டும். ஒன்று கொஞ்சம் தளர்ந்தாலும் மற்ற சக்கரம் முதலில் பிடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வேகம் கூடக்கூட அந்த இழுப்பு உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

தீர்வு பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்றார் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். அதை வைத்து ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். காரின் பிரேக்கில் இந்த விதியைச் சரியாக உட்கார வைத்தவர் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர். ஆமாம், போர் விமானங்களில் நாம் பார்க்கும் அதே பெயர்தான். மால்கமும் தம்பி ஆலனும் சேர்ந்து விமானம் கட்டியவர்கள். தம்பி விமானத்தோடு தங்கிவிட, அண்ணன் 1919இல் டெட்ராய்ட்டுக்கு வந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டார்.

1921இல் இரண்டு சம்பவங்கள். லே மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டூசன்பர்க் கார் ஜெயித்தது. அதில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. அதே டூசன்பர்க் கம்பெனி மாடல் ஏ என்ற காரிலும் இதே பிரேக்கைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஓடியது கிளிசரினும் தண்ணீரும் கலந்த ஒரு கலவை. தண்ணீரை விரட்டுவதற்காகவே இன்று பாடுபடும் இந்தத் தொழில், தண்ணீரைக் கலந்துதான் ஆரம்பித்தது.

ஆரம்ப வடிவத்தில் திரவத்தை அடைத்து வைத்தது தோல் வாஷர். அது கசிந்துகொண்டே இருந்தது. 1924இல் தன் முதல் காரை வெளியிட்ட கிரைஸ்லர் கம்பெனியின் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் வைத்தார்கள். கசிவு கட்டுக்குள் வந்தது. ஆனால் அன்றிலிருந்து பிரேக்குக்குள் என்ன ஊற்றலாம் என்பதை ரப்பர் தீர்மானிக்கத் தொடங்கியது. மண்ணிலிருந்து எடுக்கும் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை உப்ப வைக்கும். ஆகவே அது கூடாது. ரப்பருக்குப் பகையில்லாத ஓர் எண்ணெய் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது ஆமணக்கு.

நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்தான். அது கெட்டியானது என்பதால் ஆல்கஹால் கலந்து இளக்கினார்கள். சோவியத் வண்டிகளில் பல பத்தாண்டுகள் ஓடிய பி.எஸ்.கே என்ற சிவப்புத் திரவம், பாதிக்குப் பாதி விளக்கெண்ணெயும் பியூட்டைல் ஆல்கஹாலும்தான். ‘பிரேக் ஆயில்’ என்ற பெயர் அந்தத் தலைமுறைத் திரவத்துக்குச் சரியாகவே பொருந்தும். ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் கொதித்துவிடும். பியூட்டைல் ஆல்கஹாலின் கொதிநிலை சுமார் 117 டிகிரி. வண்டிகளின் எடையும் வேகமும் கூடியபோது இது போதவில்லை. கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள் அந்த இடத்துக்கு வந்தன. இன்று டாட் 3, டாட் 4 என்று பாட்டிலில் போட்டு விற்பது இந்தக் குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்கும். காற்றில் இருக்கும் ஈரம் ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும், திரவம் அதைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். பலரும் இதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். டாட் 5 என்ற சிலிகான் திரவம் தண்ணீரைச் சேர்க்காது. அப்போது உள்ளே வந்த ஈரம் எங்கே போகும்? துளித் துளியாகத் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். தாழ்ந்த இடம் என்பது பெரும்பாலும் சக்கரத்தின் பக்கம், சூடு அதிகமுள்ள இடம். அங்கே அது 100 டிகிரியில் கொதிக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கிளைக்கால் அந்தத் தண்ணீரை உடம்பு முழுவதும் பரப்பிக்கொண்டு, ஓரிடத்தில் விஷமாகத் திரளவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நாள்பட நாள்பட அதன் கொதிநிலை இறங்கும். அதற்குள் யாராவது ஒருவர் அதை மாற்றிவிடுவார் என்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு பாதி.

அமெரிக்கத் தர விதியில் இந்த இரண்டு நிலையும் எண்ணாகவே இருக்கிறது. புது டாட் 3 திரவம் 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140. டாட் 4க்கு 230, 155. அதாவது, பாட்டில் திறக்கும்போதே இது கெட்டுப்போகும் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிரேக் திரவத்துக்கென்றே அமெரிக்க காங்கிரஸ் 1962இல் ஒரு சட்டம் போட்டது. வண்டிகளின் பாதுகாப்புக்கான பொதுச் சட்டம் அதற்கு நான்கு வருஷம் கழித்து, 1966இல்தான் வந்தது.

பாரம் ஏற்றிய பிக்கப் ஒன்று மலையிலிருந்து இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறார். சூடு சிலிண்டருக்கு ஏறுகிறது, வயசான திரவம் கொதிக்கிறது, ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. பாஸ்கலின் விதி திரவத்துக்குத்தான். ஆவி அமுங்கிப் போகும். மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச நேரத்தில் சூடு ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பிறகு வந்து மிதித்துப் பார்ப்பவருக்கு பிரேக் நன்றாகவே இருக்கும். “வண்டியில ஒரு குறையும் இல்ல, டிரைவர் மேலதான் தப்பு” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பழைய திரவம் தன் சாட்சியைத் தானே அழித்துவிடுகிறது.

ஹென்றி ஃபோர்டு திரவத்தை நம்பவில்லை. போட்டிக் கம்பெனிகள் மாறிய பிறகும் எஃகுக் கம்பியையே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 1939 மாடல்களில்தான் இறங்கி வந்தார். அவருடைய பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்து அமைப்பில் ஓர் இடத்தில் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இரட்டைப் பாதை கட்டாயமானது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறை. ஒன்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும். கசிவுக்கு அது நல்ல மருந்து. ஆனால் இரண்டு அறையிலும் இருப்பது ஒரே நாளில் ஊற்றிய, ஒரே வயதுள்ள திரவம். முதுமைக்கு இரட்டைப் பாதை பதிலாகாது.

எண்ணெயையே பிரேக்கில் ஓட்ட முடியாதா என்றால், முடியும். பிரான்ஸின் சித்ரோவன் கம்பெனி 1966இல் தன் ஹைட்ராலிக் கார்களை எல்.எச்.எம் என்ற பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாற்றியது. அதற்காக உள்ளே இருந்த ரப்பர் எல்லாவற்றையும் வேறு ரகமாக மாற்ற வேண்டியிருந்தது. ரப்பரும் திரவமும் கணவன் மனைவி மாதிரி. ஒன்றை மட்டும் மாற்றினால் குடும்பம் நடக்காது.

பழைய பிக்கப்பில் கிளட்ச்சும் பெரும்பாலும் இதே திரவத்தில்தான் ஓடுகிறது. சில வண்டிகளில் தனி டப்பா, சிலவற்றில் பிரேக் டப்பாவிலிருந்தே ஒரு குழாய். பொதுவான டப்பாவாக இருந்தால், கிளட்ச்சுக்குப் போகும் வாயை மேலே வைத்திருப்பார்கள். கிளட்ச் கசிந்து போனாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று. கிளட்ச்சில் கொதிக்கும் அளவு சூடு வருவது குறைவு. ஆனால் ரப்பர் தேய்ந்து திரவம் கருப்பாகும், சிலிண்டர் சுவர் அரிக்கும், ஒருநாள் கியர் விழாமல் கரகரக்கும். பிரேக்கை மாற்றிவிட்டு கிளட்ச்சை விட்டுவிடுவது பாதி வேலைதான்.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு சென்னையில் ஒரு வேர் இருக்கிறது. 1962இல், அமெரிக்கா பிரேக் திரவச் சட்டம் போட்ட அதே வருஷம், டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியைத் தொடங்கின. அந்தக் கூட்டில் வந்த பெயர்தான் கர்லிங். நம்மூர் கடைகளில் பிரேக் திரவ பாட்டில் மேலேயே அந்தப் பெயரைப் பார்க்கலாம். ஆல்பர்ட் கர்லிங் 1925இல் காப்புரிமை வாங்கியது கம்பியால் இழுக்கும் பிரேக்குக்கு! திரவமே தேவைப்படாத ஒரு பிரேக்கைச் செய்தவரின் பெயர் திரவ பாட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மாற்றும் வேலை இந்த வரலாற்றில் பெரிதாக மாறவே இல்லை. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். “மிதி... பிடி... விடாத.” நிப்பிள் மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம், இல்லையென்றால் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். தூரத்துச் சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு வருவது பழைய வழக்கம். பின்பக்கம் பாரத்துக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும் பிக்கப் என்றால், அதில் நிப்பிள் இருந்தால் அங்கேயும் ஏர் எடுக்க வேண்டும். நடுவில் டப்பா காலியாகிவிடக் கூடாது. திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலை ஊற்றவும் கூடாது, அது ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும்.

நூறு வருஷத்தில் தோலுக்குப் பதில் ரப்பர் வந்தது, விளக்கெண்ணெய்க்குப் பதில் கிளைக்கால் வந்தது, ஒற்றைப் பாதை இரட்டையானது. பாட்டிலுக்குள் இருக்கும் திரவத்துக்கு டிகிரிக் கணக்கில் சட்டம் இருக்கிறது. வண்டிக்குள் போன பிறகு அதன் வயதை யாரும் கேட்பதில்லை. வாடகைக்கு ஓடும் பிக்கப்பில் செலவு செய்ய வேண்டியவர் ஓனர், மலை இறங்குபவர் டிரைவர். மாற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், வண்டியை எடுப்பதற்கு முன் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம்.