நந்தி மலை வெள்ளை ஒயின்

பெங்களூருக்கு வடக்கே, தொட்டபள்ளாப்பூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் விளையும் பிரெஞ்சு திராட்சை இரகங்களிலிருந்து செய்யப்படுவது நந்தி மலை வெள்ளை ஒயின். சோவிஞோன் பிளாங்க், வியோன்யே ஆகிய இரண்டும் இதன் முதன்மை இரகங்கள்.

மும்பைத் தொழிலதிபர் கன்வல் குரோவர், ஷாம்பெயின் வட்டாரத்து ஒயின் வல்லுநர் ஜார்ஜ் வெசெலின் துணையோடு 1988இல் இங்கே குரோவர் தோட்டத்தை நிறுவினார். 1990களில் போர்தோவைச் சேர்ந்த மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். இந்த வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பயிராகும் ‘பெங்களூர் புளூ’ திராட்சை தின்னவும் சாறு பிழியவும் நல்லது. அதன் கனத்த வாசனை நயமான ஒயினுக்குப் பொருந்தாது.

பிரான்சில் குளிர்காலம் கொடியை உறங்க வைக்கிறது. இங்கே அந்த உறக்கம் இல்லாததால் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். மழைக்குப் பிந்தைய கவாத்தில் காய்ப்பது பிப்ரவரி முதல் அறுவடையாகிறது. வெயில் ஏறினால் பழத்தின் புளிப்பு கரைந்துவிடும். மேட்டு நிலத்தின் குளிர்ந்த இரவுகளே அதைக் காக்கின்றன. அப்படியும் லுவார் ஆற்றங்கரையின் சான்சேர் ஒயினுக்குரிய கூர்மையான புளிப்பு இங்கே எளிதில் வாய்ப்பதில்லை. அதைக் குறையாகக் கருதத் தேவையில்லை. இந்த ஒயினைத் தன்னளவில் சுவைத்துப் பார்ப்பதே நியாயம்.

சுவைப்பவர் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சாய்த்து நிறம் பார்த்து, சுழற்றி முகர்ந்து, பிறகு ஒரு மிடறை நாக்கில் பரவ விடுவார். சோவிஞோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாய், வெட்டிய புல், கொய்யா வாசனைகள் எழும். ரோன் பள்ளத்தாக்கின் கோந்த்ரியூ ஊரில் புகழ்பெற்ற வியோன்யே, பீச், ஆப்ரிகாட் பழங்களோடு பூமணமும் கொண்டது. புளிப்பு குறைவு, வாயில் கனமாக உணரப்படும். முன்னதை 8 முதல் 10 டிகிரியிலும் பின்னதை 10 முதல் 12 டிகிரி செல்சியஸிலும் பரிமாறலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணம் அடங்கிப்போகும். கால் மணி நேரம் வெளியே வைப்பது நல்லது.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற விதி பெங்களூர்ச் சாப்பாட்டு மேசையில் அதிகம் உதவாது. இங்கே தீர்மானிப்பவை புளி, தேங்காய், மிளகாய் மூன்றும்தான். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்றாகிவிடும். எனவே புளி தூக்கலான மங்களூர் மீன் கஸி என்னும் குழம்போடு வியோன்யே தோற்றுவிடும். அதே இரகம், தேங்காய்ப்பால் சேர்த்த காய்கறி ஸ்டூவோடும், காரம் குறைத்த கோழிக் குழம்பு தொட்ட நீர் தோசையோடும் அழகாக இணைகிறது. தேங்காயின் கொழுப்புக்கு அதன் கனம் ஈடு கொடுக்கிறது. எலுமிச்சை பிழிந்த கானே மீன் வறுவல், கொத்தமல்லி தூவிய கோசம்பரி என்னும் பருப்பு சாலட் ஆகியவற்றுக்கு சோவிஞோன் பிளாங்க் ஏற்றது: பச்சை வாசனையோடு பச்சை வாசனை சேர்கிறது.

ஆந்திரச் சாப்பாட்டின் காரம் வேறு கதை. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். சிறிது இனிப்பு அதைத் தணிக்கும். ஆகவே அங்கே இவ்விரண்டையும் விட, இனிப்பு கொஞ்சம் எஞ்சிய அல்சாஸ் கெவுர்ஸ்த்ராமினர் போன்ற ஒயினே மேல்.

மரப்பீப்பாயில் ஊறிய வியோன்யேயும் இங்கே உண்டு. சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பெயரில் குரோவர் நிறுவனம் வெளியிட்டது அவ்வகை. நெய்யில் வறுத்த முந்திரி, வெண்ணெய் சேர்ந்த கோழி உணவுகள் அதற்குத் துணை. மற்றவற்றை நெடுங்காலம் சேமிக்காமல் இளமையிலேயே அருந்துவது நல்லது.