துண்டு முறை

துண்டு முறை என்பது இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் 1921 வரை நடந்த கடன்மாற்று ஏற்பாடு. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக நினைக்கும் கங்காணிக்கு, அதாவது ஆள் சேர்த்து மேய்க்கும் தலைவருக்கு, தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இவர் கீழ் இத்தனை ஆள்கள், அவர்கள் பேரில் நிற்கும் பாக்கி இவ்வளவு, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பது அதன் சாரம். அந்தச் சீட்டே துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போய் விலை கேட்பார். ஆள் பஞ்சம் உள்ள தோட்டம் பழைய பாக்கியைக் கட்டி, மேலும் முன்பணம் கொடுத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளும். தோட்டம் மாற மாறக் கடன் ஏறும். ஏறிய கடன் தொழிலாளியின் தலையில் விழும்.

காப்பிக் காலத்தில், 1830களிலிருந்து, ஆள்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். மன்னார்ப் பக்கம் கரையேறிக் காட்டு வழியே மாத்தளைவரை நடப்பார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பியை ஒழித்துவிட, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளில் தங்கின. கடனும் அவர்களோடு தங்கிவிட்டது.

ஆள் பிடிக்கும் செலவு முன்பணமாகத் தோட்டத்திலிருந்து பெரிய கங்காணிக்குப் போகும். அவர் தமக்குக் கீழுள்ள சில்லறைக் கங்காணிகளிடம் அதைப் பிரித்துக் கொடுத்துத் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளுக்கு அனுப்புவார். ஊரில் அடைக்க வேண்டிய கடன், வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் ஆளின் கணக்கில் பற்று எழுதப்படும். காலையில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வந்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தனியே பென்ஸ் காசு உண்டு. ஆகவே, ஆளை வேலைக்குத் துரத்துவதிலும் அவன் கடனைத் தீராமல் வைத்திருப்பதிலும் கங்காணிக்கு ஒரே அளவு ஆதாயம்.

செட்டிநாட்டின் பங்கு இங்கேதான் வருகிறது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொழும்பில் கடை வைத்துவிட்டார்கள். செட்டியார் தெருவின் கிட்டங்கிகளில், அதாவது கடைக் கட்டடங்களில், ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள்கள் மூன்றாண்டுத் தவணையில் வந்து போனார்கள். தோட்டக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கடன் கொடுத்த அந்தக் கடைகள், தோட்டத்து முன்பணம் போதாத கங்காணிகளுக்கும் கொடுத்தன. அந்தப் பணம் முழுவதும் செட்டியார்களின் சொந்தப் பணமும் அல்ல. ஆங்கிலேய வங்கிகளில் கடன் வாங்கி, வட்டி கூட்டி, வங்கிகள் நேரே கொடுக்கத் துணியாத இடங்களில் விட்டார்கள். லண்டன் சந்தையில் ஏலம் போன தேயிலைக்குப் பின்னால் வங்கி, ஏஜென்சி கம்பெனி, துரை, செட்டியார், பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று இத்தனை கை இருந்தன. செட்டியார் பேரேட்டில் கங்காணியின் பெயர் உண்டு. கொழுந்து பறித்தவளின் பெயர் இல்லை. ஐந்தொகை துல்லியமாக இருந்தது, அதில் பொய் எதுவுமில்லை. செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கற்களையும் வியந்து எழுதுகிறவர்கள் இந்த வரவுக்கால் பக்கம் அதிகம் போவதில்லை.

ஓடிப்போவது குற்றமாகவும் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போனவரைச் சிறையில் தள்ளலாம். கடன் உள்ளே இழுத்தது, சிறை வாசலை அடைத்தது. சட்டம் கூலியை மாதாமாதம் கணக்கிடச் சொன்னாலும் கங்காணி கையைத் தாண்டி அது தொழிலாளியிடம் போய்ச் சேருவது அபூர்வம்.

தோட்ட முதலாளிகள் தாங்களே ஆள் சேர்க்க 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தை அமைத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் தகர வில்லை வழக்கத்துக்கு வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு வில்லையைக் கயிற்றில் கோத்து ஆளின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் வழியில் சோறும் ரயிலும் காசில்லாமல் கிடைக்கும். செலவு தோட்டத்தின் பற்றில் ஏறும். கங்காணி வழிச்செலவைச் சுருட்டுவதை இது ஓரளவு தடுத்தது. ஆனால் தோட்டம் அந்தத் தொகையைக் கங்காணியின் கூட்டத்துக் கணக்கிலேயே மறுபடி எழுதிக்கொண்டதால் கடன் குறையவில்லை.

சென்னை அரசின் சார்பில் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய்ப் பார்த்து 1917இல் அறிக்கை கொடுத்தார்கள். இலங்கையில் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் தொடங்கி, சிறைத் தண்டனைப் பிரிவுகளை எதிர்த்து வாதாடினார். உடன் நின்றவர் பெரி. சுந்தரம். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு கொடுப்பதைத் தடைசெய்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்பதையும் எடுத்தது. இந்தியாவின் 1922 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, 1923இல் இலங்கை இன்னொரு சட்டம் இயற்றியது. அதன்படி ஆள் சேர்க்கும் செலவுக்குத் தோட்டங்கள் பொது நிதி கட்ட வேண்டும். தொழிலாளியிடம் அதைப் பிடிக்கக் கூடாது. என் பார்வையில் மூன்றில் வலியது இந்தக் கடைசி ஏற்பாடுதான். துண்டைத் தடுத்தால் கடன் வேறு காகிதத்துக்கு மாறும். வழிச்செலவே கடனாகாமல் போனால் கணக்குத் தொடங்க முதல் வரி இருக்காது.

கங்காணியின் அதிகாரம் அத்தோடு முடியவில்லை. கூலியில் கழிவும் லயத்தில் கெடுபிடியும் தொடர்ந்தன. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்து, கங்காணிகளைப் பெயர் சொல்லித் தாக்கினார். மனைவி மீனாட்சியம்மையின் பாட்டுகள் லயங்களுக்குள் போயின. 1939 ஆகஸ்டில் இந்தியா கூலி வேலைக்காக இலங்கை போவதையே தடுத்தது. செட்டியார் கடைகளின் செல்வாக்கும் அதற்குள் தேய்ந்திருந்தது. 1925இல் கொழும்பில் ஏற்பட்ட நெருக்கடிக்குப் பின் வங்கிகள் அவர்களுக்குக் கடன் தருவதைச் சுருக்கிக்கொண்டன.

முன்பணம் பிறகும் பிழைத்திருக்கிறது. இந்தியாவில் 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களைச் செல்லாதவையாக்கியது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் கடன் தலைகீழாகத் திரும்பியது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென் மாவட்டங்களின் இளம்பெண்களைப் புரோக்கர்கள் விடுதியுள்ள ஆலைகளில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஆலை தொழிலாளிக்குக் கடன்பட்டது. மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை, நடுவில் போனால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் இதை வெளியிட்ட பிறகு மேலைநாட்டு ஆடைக் கம்பெனிகள், தங்கள் துணிக்கு நூல் எங்கே நூற்கப்படுகிறது என்று கேட்கத் தொடங்கின.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், 3.6 கோடி பவுனும் அதற்கு மேலும் விற்பனையுள்ள கம்பெனிகள் தங்கள் கொள்முதல் சங்கிலியில் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்கிறது. ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினாலும் அது அறிக்கைதான். ஆள் சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2016இல் வகுத்த நெறி, 1923இன் இலங்கைக்குப் புதிதல்ல. இந்தியாவில் பங்குச்சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள், ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, கட்டாய உழைப்பு பற்றிய விவரத்தையும் வெளியிட வேண்டும். இவற்றைவிடக் கடுமையானது 2022இன் திண்டுக்கல் ஒப்பந்தம். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்கும் கம்பெனிகளுடனும் செய்துகொண்டது அது. பெண் தொழிலாளர் மீதான வன்முறையைத் தடுக்க எழுதப்பட்டது. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டரில் அதன் விளைவைக் காட்ட வாங்குகிறவர் சட்டப்படி கடமைப்பட்டவர் என்றது அந்த ஒப்பந்தம்.