கொலு பார்க்கில் விராலிமலை: குறைந்த செலவில் செய்வது எப்படி? பெயின்ட் விஷயத்தில் கவனம்!

நவராத்திரி கொலுவில் படிகளுக்குக் கீழே 'பார்க்' அமைப்பது பல வீடுகளில் வழக்கம். மலை, கோயில், குளம், ரோடு என்று பெரும்பாலும் பிள்ளைகள் கைவண்ணம்தான். டிவி, ஃப்ரிட்ஜ் வாங்கிய பெட்டியில் வந்த தெர்மாகோல் பரணில் கிடந்தால் போதும், மலைக்குப் பெரிய செலவு இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை இதற்குச் சரியான மாடல். சமவெளியில் தனியாக நிற்கும் பாறைக்குன்று, ஏறிப்போக படிக்கட்டு, உச்சியில் முருகன் கோயில், சுற்றிலும் மயில்கள்.

எப்படிச் செய்வது?

தெர்மாகோல் துண்டுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, ஃபெவிகாலில் ஒட்டி ஒரு இரவு விடவும். ஓரங்களைக் கத்தியால் வெட்டாமல் கையால் உடைத்தால்தான் பாறை மாதிரி வரும். மேலே மைதா பசையில் நனைத்த நியூஸ் பேப்பரை இரண்டு, மூன்று அடுக்கு ஒட்டி நன்றாகக் காயவிடவும். படிக்கட்டுக்கு அட்டைப்பெட்டியின் மேல் தாளை மட்டும் உரித்தால் உள்ளே இருக்கும் வரிவரியான மடிப்பே படி!

பலரும் சொதப்புவது பெயின்ட்டில்தான். ஸ்ப்ரே பெயின்ட், எனாமல் இரண்டிலும் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். அடிச்ச கொஞ்ச நேரத்துல மலை குழி குழியா ஆயிடும். போஸ்டர் கலர், அக்ரிலிக், டிஸ்டெம்பர் போன்ற தண்ணீர் கலக்கும் பெயின்ட் மட்டும் போதும். முதலில் அடர் பழுப்பு. அது காய்ந்ததும் பிரஷ்ஷில் வெளிர் சாம்பல் நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாக உரசவும். பள்ளம் இருட்டாகவே நிற்கும், பாறை எழும்பித் தெரியும். பொம்மைப் படைகளை வைத்து மேசையில் போர் விளையாடுபவர்கள் குன்று செய்வதும் இதே முறையில்தான். அந்த விளையாட்டுக்கு எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே விதிகள் எழுதி புத்தகமாகப் போட்டார்.

பொம்மை எங்கே?

உச்சியில் பெரிய முருகன் பொம்மையை வைத்தால் மலை சிறுத்துப்போகும். மேலே தீப்பெட்டி அளவில் அட்டைக் கோயில், பெரிய பொம்மைகள் அடிவாரத்தில். தூரத்து மலை மாதிரி கண்ணுக்குப் படும்.

புல்லுக்கு, கொலு வைப்பதற்கு மூன்று, நான்கு நாள் முன்பே கடுகு அல்லது கேழ்வரகு தூவலாம். மலைமேல் வேண்டாம், ஈரத்தில் பேப்பர் பூசணம் பிடிக்கும். மண் போட்ட தட்டில் விதைத்து அடிவாரத்தில் வைக்கவும்.

தெர்மாகோல் சட்டென்று தீப்பிடிக்கும். சூடான கம்பியால் வெட்டினால் வரும் புகையும் நல்லதல்ல. குத்துவிளக்கு, சூடாகும் சீரியல் பல்பு எதுவும் மலைக்குப் பக்கத்தில் வேண்டாம். கொலு முடிந்ததும் குளத்தில் போடாமல், சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த வருஷம் ஒரு கோட் பெயின்ட்தான் வேலை.